எங்கள் சர்ச் வாசலில் ஐந்து படி: கமிட்டிக்கு என்ன பதில் சொல்ல?

செல்லூர்க்காரி | ஞாயிறு, மாலை 4.10

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் பல வருஷமாக வாசித்துவிட்டுப் போவேன், எழுதியதில்லை. இன்றைக்கு எழுத வேண்டியதாகிவிட்டது.

என் தம்பிக்கு 27 வயது. பிறக்கும்போதே மூளை முடக்குவாதம். கையும் காலும் அவன் சொல்வதைக் கேட்காது, பேச்சு குழறும், ஆனால் புத்தி படு தெளிவு. வீட்டிலிருந்தே பி.காம். முடித்தான். போனில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுவான். எங்கள் சர்ச் வாசலில் ஐந்து படி. ஞாயிறுதோறும் இரண்டு அண்ணன்மார் சக்கர நாற்காலியோடு அவனைத் தூக்கி உள்ளே வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் இறக்கி விடுவார்கள். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

போன மாதம் அறுப்பின் பண்டிகை. அசனம், அதாவது சபை விருந்து, பின்பக்க மாடி ஹாலில். இவனை மாடிக்கு ஏற்ற முடியாதென்று, தட்டில் சோறும் கறிக்குழம்பும் போட்டு ஆட்டோவுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். "தம்பிக்குத்தான் முதல் தட்டு" என்று பாசமாகத்தான் சொன்னார்கள். அவன் தொடவில்லை. குழம்பு ஆறி, மேலே எண்ணெய் படிந்துபோன தட்டை நான்தான் திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் போனில் எழுதிக் காட்டினான்: "இனி நான் வரலக்கா. பத்து வருசமா தூக்குறாங்க. எம் பேரு என்னன்னு அவங்ககிட்ட கேட்டுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். எல்லாரும் அவனைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இந்த வருஷம் சர்ச்சைப் புதுப்பிக்கிறார்கள், கோபுரத்தை உயர்த்துகிறார்கள். அதோடு சேர்த்து வாசலில் ஒரு சாய்தளமும் போடுங்கள் என்று கமிட்டியில் கேட்டேன். பெரியவர் ஒருவர் சொன்னார்: "திமிர்வாதக்காரனை நாலு பேர் கட்டிலோட சுமந்துட்டு வந்தாங்கல்ல, அந்த மாதிரி ஊழியம்மா இது. இதை எங்க பையன்ககிட்ட இருந்து பறிச்சிராத." நல்ல மனுஷர் அவர். எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. வேதத்தையே எடுத்துச் சொல்கிறவரிடம் என்ன சொல்ல?

அரசரடி வாசகர் | ஞாயிறு, மாலை 5.35

சகோதரி, அந்தக் கதையை முழுசாக வாசிக்கச் சொல்லுங்கள். மாற்கு நற்செய்தி 2-ஆம் அதிகாரம். இயேசு இருந்த வீட்டு வாசலில் கூட்டம், உள்ளே போக வழியில்லை. வந்தவர்கள் "வாசல் இப்படித்தான்" என்று திரும்பிப் போனார்களா? கூரையைப் பிரித்தார்கள். அதுவும் அடுத்தவர் வீட்டுக் கூரை. இயேசு அந்த நாலு பேரின் விசுவாசத்தைப் பார்த்தார் என்று வேதம் சொல்வது கூரையைப் பிரித்து இறக்கிய பிறகுதான். ஒரு மனுஷனுக்காகக் கட்டடத்தில் கை வைத்த கதை அது. அதைச் சொல்லியே கட்டடத்தில் கை வைக்க மாட்டோம் என்றால் எப்படி?

இன்னொன்று. அந்த நாலு பேர் மறுவாரமும் வந்து தூக்க வேண்டியிருக்கவில்லை. அவன் குணமாகி, தன் படுக்கையைத் தானே எடுத்துக்கொண்டு போனான். உங்கள் தம்பிக்குச் சாய்தளம்தான் அது. தன் நாற்காலியில், தான் நினைத்த நேரத்துக்கு வர, பிடிக்காத பிரசங்கம் என்றால் பாதியில் எழுந்து போகிறவர்களைப் போலத் தானும் வெளியே போக.

ஜெபக்குழு சகோதரி | ஞாயிறு, இரவு 8.02

மகளே, வாசிக்கும்போதே மனசு கனத்துவிட்டது. சாய்தளம் நல்லதுதான், ஆனால் அதோடு நிறுத்திவிடாதே. நம் தேவனால் கூடாதது ஒன்றுமில்லை. எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் நடக்கிறது. தம்பியைக் கூட்டி வா, கை வைத்து ஜெபிக்கிறோம். அவருடைய தழும்புகளால் குணமானோம் என்று எழுதியிருக்கிறதே. நம்பிக்கையைத் தளர விடாதே.

சுந்தரராஜன்பட்டி மாணவன் | ஞாயிறு, இரவு 10.48

அம்மா, உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. போன் வாசித்துக் காட்டுவதைக் கேட்டு எழுதுகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அம்மா ஒரு பெரிய சுகமளிக்கும் கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். யார் நடத்தியது, எந்த மைதானம் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். மேடையில் மரப்பலகை அதிர்ந்துகொண்டே இருந்தது, பக்கத்திலேயே ஸ்பீக்கர். ஒரு கை வந்து என் நெற்றியை அழுத்தியது. ஜவ்வாது வாசனை. பின்பக்கமாகச் சாய்கிற அளவுக்கு அழுத்தம். "தம்பி, எத்தனை விரல்?" என்று மைக்கில் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. "ரெண்டு" என்றேன். மைதானமே அல்லேலூயா என்று எழுந்தது.

நான் பொய் சொன்னேன். அம்மா சந்தோஷப்படட்டும் என்று சொன்னேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் முகத்துக்கு நேரே விரலை நீட்டிப் பார்த்திருக்கிறார். நான் அசையவில்லை. பல வருஷம் கழித்துத்தான் இதைச் சொன்னார். அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் எனக்கு ஒரே நினைப்பு: கர்த்தர் குணமாக்கத்தான் வந்தார், நான் பொய் சொன்னதால் விட்டுவிட்டார். ஒரு பையன் மனசில் இது எவ்வளவு பாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

இயேசுவைக் கூப்பிட்ட பார்வையில்லாத பர்திமேயுவின் கதையில் நான் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு இடம்தான். கூட்டம் அவனைச் சும்மா இரு என்று அதட்டுகிறது. இயேசு நின்று, அவனை அழைத்து, "நான் உனக்கு என்ன செய்ய வேண்டும்" என்று கேட்கிறார். பார்வையில்லாதவனுக்கு வேறென்ன வேண்டியிருக்கும் என்று அவரே முடிவு பண்ணிக்கொள்ளவில்லை. என்னிடம் யாரும் கேட்டதில்லை. ரயிலில், பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டில் எத்தனையோ பேர் தலையில் கை வைத்திருக்கிறார்கள்.

யோவான் 9-இல் பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைப் பற்றிச் சீஷர்கள் யார் செய்த பாவம் என்று கேட்கிறார்கள், இவனுமல்ல இவனைப் பெற்றவர்களுமல்ல என்று இயேசு வெட்டிப் பேசிவிட்டார். ஆனாலும் என் அம்மாவிடம் நேருக்கு நேர் அதையே கேட்டவர்கள் சபைக்குள்ளேயே இருந்தார்கள்.

நான் பிரெய்ல் படித்தது சுந்தரராஜன்பட்டியில், இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தில். 1985-இல் அதைத் தொடங்கியவர் எஸ்.எம்.ஏ. ஜின்னா, அவருக்கும் பார்வை இல்லை. சங்கீதப் புத்தகத்தை முதன்முதலில் என் விரலாலேயே வாசித்தபோது எனக்கு வழி திறந்துவிட்டது ஒரு முஸ்லிம் பெரியவர் என்று நினைத்துக்கொள்வேன். நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976-இல் அதைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கு மூட்டுவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரலுக்கு ஏற்ற கருவிகளை வைத்துக்கொண்டுதான் ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்தார். முதலில் விரல் நேராகட்டும் என்று காத்திருந்தால் எத்தனை பேர் இருட்டில் கிடந்திருப்பார்கள்!

ஜெபக்குழு சகோதரி | திங்கள், காலை 6.15

ஐயா, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. நானும் பஸ் ஸ்டாண்டில் கேட்காமல் கை வைத்தவள்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். ஜெபிப்பதை நான் விட மாட்டேன், அது என் மூச்சு. ஆனால் இனி என்ன ஜெபிக்கட்டும் என்று கேட்டுவிட்டு ஜெபிப்பேன்.

செல்லூர்க்காரி | திங்கள், காலை 9.20

தம்பி எல்லாவற்றையும் வாசித்தான். அவனே எழுதித் தருகிறேன் என்று போனை வாங்கிக்கொண்டான். முக்கால் மணி நேரம் ஆனது. அப்படியே போடுகிறேன், ஒரு எழுத்தும் மாற்றவில்லை:

"எல்லாருக்கும் நன்றி. அந்த அண்ணன்க மேல எனக்குக் கோவம் இல்ல. தூக்கும்போது பயமா இருக்கும், அம்புட்டுதான். ஒருதடவ மழையில வழுக்குச்சு. என்ன வேணும்னு கேட்டா சொல்வேன். எனக்குக் கணக்கு வரும். ஆராதனை முடிஞ்சு காணிக்கை எண்ணுற மேசையில எனக்கு ஒரு இடம் வேணும். வாங்கிக்கிட்டே இருக்கேன், நானும் ஒண்ணு செய்யணும்."

பழைய உபதேசியார் | திங்கள், மதியம் 1.40

நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பங்கில் முப்பது வருஷம் மறைக்கல்வி சொல்லிக் கொடுத்தவன். ஒரு தப்பை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஒரு தாய் தன் மகளைப் புதுநன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்க, கூட்டி வந்தார். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை. "இதுக்கு நற்கருணைன்னா என்னன்னு புரியாதும்மா, பாவம் இல்லாத பிள்ளை, நேரா மோட்சம்தான், எதுக்கு வருத்திக்கிறீங்க" என்றேன். ஆறுதல் சொல்கிற நினைப்பில் சொன்னேன். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

பிறகு ஒரு கன்னியர் என்னைத் திருத்தினார். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 777-ஆம் எண்ணைக் காட்டினார். உடலிலோ மனதிலோ குறைபாடுள்ளவர்களுக்கும் அவர்கள் நிலைக்கு இயன்ற மட்டும் மறைக்கல்வி கிடைக்கப் பங்குத்தந்தை பொறுப்பு என்று அதில் இருக்கிறது. அடுத்த வருஷம் அந்த வீட்டுக்குப் போய் நானே அழைத்தேன். வகுப்பில் ஒரு கையில் பன், ஒரு கையில் அர்ச்சிக்காத அப்பம். பன்னைக் காட்டினால் வயிற்றைத் தட்டுவாள். அப்பத்தைக் காட்டினால் இரண்டு கையையும் ஏந்தி, பேசாமல் நிற்பாள். மூன்று வாரம் மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. வெகு காலம் படித்த எனக்கு அவ்வளவு அடக்கமாக நிற்க வருமா என்று தெரியாது.

புதுநன்மை அன்று எல்லாப் பிள்ளைகளோடும் அதே வரிசையில் வந்தாள். நடுவில் வரிசையை விட்டு ஓடிப்போய்த் தன் பாட்டியைக் கட்டிப்பிடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். சாமியார் காத்திருந்தார். கோயிலும் காத்திருந்தது.

மேலூர் பென்ஷனர் | திங்கள், இரவு 7.30

ஆட்டோவுக்கு வந்த தட்டைப் பற்றி வாசித்ததும் என் கை நடுங்கியது. அந்தத் தட்டு எனக்குத் தெரிந்த தட்டு. என் தாத்தாவுக்கு வேறு காரணத்துக்காக, சாதிக்காக, வெளியே வந்தது.

இத்தாலியக் குரு ராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். பெரிய தமிழறிஞர், அதில் சந்தேகமில்லை. ஆனால் உயர்சாதியாரை அடைய ஒரு சந்நியாசி கோலம், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று வேறு குருக்கள் என மதுரை மிஷன் இரண்டு தடத்தில் ஓடியது. தென்பக்கம் வடக்கன்குளத்தில் கோயிலையே கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாகக் கட்டி, நடுவில் சுவர் வைத்தார்கள். அந்தச் சுவர் இடிந்தது 1910-இல். புராட்டஸ்டண்ட் பக்கமும் கதை அதுதான். 1834-இல் மதுரை வந்த அமெரிக்க மிஷனார் தங்கள் ஊழியர்களை எல்லாச் சாதியோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடச் சொன்னபோது, சாப்பிடுவதைவிட வேலையை விட்டுப் போவது மேல் என்று போனவர்கள் உண்டு. கல்லறையில் இன்றைக்கும் பல ஊர்களில் பிரிவு இருக்கிறது.

அரசாங்கமும் நம்மைக் கேட்கவில்லை. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டும்தான் பட்டியல் சாதித் தகுதி என்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே. ஞானஸ்நானம் எடுத்ததும் சாதி போய்விட்டது என்று காகிதம் சொல்கிறது, கல்லறைச் சுவர் போகவில்லை என்கிறது.

டவுன்ஹால் ரோடு | திங்கள், இரவு 8.05

ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். ஒரு ஊனமுற்ற தம்பிக்குச் சாய்தளம் வேண்டும் என்பதுதான் இழை. சாதியை இதில் கொண்டுவந்தால் கிடைக்கிற சாய்தளமும் கிடைக்காது. கமிட்டிக்காரர்கள் முறுக்கிக்கொள்வார்கள்.

மேலூர் பென்ஷனர் | திங்கள், இரவு 9.12

உங்கள் பயம் நியாயம்தான். கமிட்டியில் இதைப் பேசச் சொல்லவில்லை. இரண்டையும் ஏன் சேர்த்தேன் என்றால், இரண்டு இடத்திலும் அன்பு குறையவில்லை. தாத்தாவுக்கும் வயிறு நிறையத்தான் போட்டார்கள். இடம்தான் இல்லை. லூக்கா 14-இல் விருந்துக்கு யாரை அழைக்கச் சொல்கிறார் பாருங்கள். ஏழைகள், ஊனர், சப்பாணிகள், குருடர் என்று பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும். 1995-இல் வந்த திருவிவிலியம் உடல் ஊனமுற்றோர், கால் ஊனமுற்றோர், பார்வையற்றோர் என்று மரியாதையாகச் சொல்கிறது. இரண்டிலும் 'அழை' என்றுதான் இருக்கிறது. கொடுத்தனுப்பு என்று இல்லை.

எங்கள் காலனிச் சபையையும் சொல்லிவிடுகிறேன். எங்களைத் தள்ளி வைத்தார்கள் என்று பேசுகிற நாங்களே, போலியோவில் கால் போன ஒரு பெண்ணை முப்பது வருஷமாகக் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார வைத்திருந்தோம். வலியை அறிந்தவன் அடுத்தவன் வலியை அறிவான் என்று சும்மா இருந்துவிட முடியாது.

செல்லூர்க்காரி | திங்கள், இரவு 9.40

டவுன்ஹால் ரோடு அண்ணன், எங்களுடையதும் காலனிச் சபைதான். ஐயா எழுதியது என் வீட்டுக் கதையும்தான். இருக்கட்டும், இங்கேயே இருக்கட்டும்.

கைப்பேச்சு | செவ்வாய், காலை 11.00

என் அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது. ஒன்பது வயதிலிருந்து நான்தான் பிரசங்கத்தைக் கையால் சொல்வேன். 'பரிசுத்தமாக்கப்படுதல்' என்பதை ஒரு சின்னப் பிள்ளை கையால் எப்படிச் சொல்லும்? 'கழுவி, இயேசுகிட்ட' என்று காட்டுவேன். கல்யாணம் ஆகி நான் வெளியூர் வந்ததிலிருந்து அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. அப்பா போன வாரம் வீடியோ காலில் கேட்டார்: "எல்லாரும் சிரிச்சாங்க, எதுக்கு?" பதில் என்னிடம் இல்லை. போதகர் பேசுவதை முந்தின நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால்கூடப் போதும். செலவு ஒரு ஜெராக்ஸ்.

கொத்தனார் மகன் | செவ்வாய், இரவு 9.25

அக்கா, இப்ப வேலைக்கு வருவோம். ஐஞ்சு படின்னா ஒரு படி ஆறு இஞ்ச் கணக்கு, மொத்தம் 30 இஞ்ச் ஒசரம். சாய்வு ஒண்ணுக்குப் பன்னிரண்டு இருக்கணும். அதாவது ஒரு இஞ்ச் ஏற ஒரு அடி நீளம். உங்களுக்கு 30 அடி வேணும். பத்தடியில முடிச்சுத் தர்றோம்னு யாராச்சும் சொன்னா விடாதீங்க, அது சாமான் ஏத்துற பலகை, மனுஷன் ஏற முடியாது. எறங்குறப்ப நாற்காலி தம்பியத் தள்ளிட்டே ஓடும்.

நேரா 30 அடி இடம் இல்லன்னா 15 அடி போயி, நடுவுல அஞ்சுக்கு அஞ்சு தளம் போட்டுத் திருப்பி, இன்னொரு 15 அடி. அகலம் நாலடிக்குக் கொறையக் கூடாது. ரெண்டு பக்கமும் பிடி. ஓரத்துல சக்கரம் நழுவாம ஒரு சின்னக் கரை. மேலே பளபளன்னு கிரானைட் போட்டுறாதீங்க, தம்பி எழுதுன மழைக் கதை மறுபடி நடக்கும். சொரசொரப்பா கோடு போட்ட சிமென்ட்டே போதும். உள்ள முன்வரிசை பெஞ்சுல ஒண்ண மூணடி அறுத்தா, அவரு நடைபாதையில நிக்காம வரிசைக்குள்ளயே உக்காரலாம். நான் பாத்த சர்ச்சுகள்ல இதைத்தான் மறந்துடுறாங்க.

கமிட்டிக்கு ஒண்ணு சொல்லுங்க. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல பொதுக் கட்டடம்னா எதுன்னு சொல்ற எடத்துல, ஜனங்க வந்துபோற தனியார் கட்டடமும் மத காரியத்துக்கான கட்டடமும் சேர்த்தே வருது. 44-ஆவது பிரிவுப்படி, கட்டட பிளான் இந்த விதிகளுக்கு ஒத்து இல்லன்னா அனுமதியே குடுக்கக் கூடாது. கோபுரத்துக்குப் பிளான் போடுறப்பவே சாய்தளத்தையும் வரைஞ்சுடுங்க. சண்டைக்காகச் சொல்லல, ஒரே செலவா முடியும்.

செல்லூர்க்காரி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.15

நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றாயிருக்காது.

கமிட்டிக் கூட்டத்துக்குத் தம்பியையே வரச் சொன்னார்கள். கூட்டம் எப்போதும் நடப்பது அதே மாடி ஹாலில். பெரியவர் ஒரு நிமிஷம் நின்று மாடிப்படியைப் பார்த்தார். பிறகு நாற்காலிகளைக் கீழே எடுத்துவரச் சொல்லி, வேப்பமரத்தடியில் கூட்டத்தை வைத்தார். கூரையைப் பிரித்த கதையை நான் சொல்லவே இல்லை. தம்பி எழுதிக் கொண்டுவந்ததை நான் வாசித்தேன், அதே ஆறேழு வரி. ஒருவர் கோபுரம்தான் முதலில் என்றார், இரண்டு பேர் அவர் பக்கம் நின்றார்கள். முழுப் பணமும் இன்னும் ஒதுக்கவில்லை. அடுத்த அசனம் கீழே பந்தல் போட்டு வைப்பது என்பது மட்டும் முடிவாகிவிட்டது. காணிக்கை மேசைக்கு அடுத்த ஞாயிறு வா என்று பொருளாளர் சொன்னார்.

வழக்கமாகத் தூக்குகிற அண்ணன்களில் மூத்தவர் கூட்டம் முடிந்ததும் தம்பி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேரைக் கேட்டார். பேச்சு குழறுவதால் முதல் தடவை புரியவில்லை. இரண்டாம் தடவை தப்பாகச் சொன்னார். தம்பி தலையை ஆட்டினான். மூன்றாம் தடவை சரியாகச் சொன்னார். அப்புறம் டேப் எடுத்துவந்து அளந்தோம். ஒரு முனையைத் தம்பி தன் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டான், அவர் கேட் வரைக்கும் இழுத்துப் போனார். 22 அடி 4 அங்குலம்.

கொத்தனார் மகன் தம்பி, நீங்கள் சொன்ன மாதிரி திருப்பித்தான் போட வேண்டும். ஆனால் நடுவில் தளம் வருகிற இடத்தில் வேப்பமர வேர் தரைக்கு மேலே கிடக்கிறது. வேரை வெட்டாமல் செய்ய வழி உண்டா?

கொத்தனார் மகன் | ஞாயிறு, மாலை 6.02

வெட்ட வேண்டாம்க்கா. நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க. தளத்தைக் கேட் பக்கமா நகத்த முடியுமான்னு பாக்குறேன். சனிக்கிழமை நானே டேப்போட வர்றேன், தம்பிய இருக்கச் சொல்லுங்க.